தாத்தா நல்லவரா, கெட்டவரா? ஒத்துப்போகாத குடும்ப நினைவுகளைச் சேகரித்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியப்பாவைக் கேட்டால், தாத்தா இடுப்பு பெல்ட்டில் கை வைத்தாலே வீடு நடுங்கும். கடைசி அத்தையைக் கேட்டால், அதே தாத்தா மகள் சாப்பிடாமல் ஒரு நாளும் இலை முன்னால் உட்கார்ந்ததில்லை. சித்தப்பா கோபித்துக்கொண்டு போனார் என்று ஒரு பக்கம், கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்று இன்னொரு பக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் ஒரு கதை, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் வேறு கதை. இரண்டையும் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவருக்கு, 'இதையெல்லாம் எழுதி வைக்கணும்' என்று என்றைக்காவது தோன்றும். அவர்களுக்காகத்தான் இது.

எழுத உட்காருகிற பலரும் நீதிபதியாகிவிடுகிறார்கள். யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடித்து ஒரே கதையாக்கப் பார்க்கிறார்கள். அதனால் பாதி சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள், மீதிப் பேர் உங்களைப் பெரியப்பா கட்சி என்பார்கள். தீர்ப்பு உங்கள் வேலை இல்லை. ஒவ்வொரு நினைவையும் யார் சொன்னது, அப்போது அவருக்கு என்ன வயது, எங்கே இருந்து பார்த்தார் என்ற மூன்று விவரங்களோடு பதிவு செய்வதுதான் வேலை. அதைச் செய்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட முரண்கள் தானாகவே முரண் இல்லை என்று தெரிந்துவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சொத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா? பாகப்பிரிவினைப் பேச்சு ஓடுகிறதா? அப்படியென்றால் இப்போது ஆரம்பிக்காதீர்கள். செல்போனை எடுத்து முன்னால் வைத்ததுமே 'சாட்சி சேர்க்கிறான்' என்றுதான் நினைப்பார்கள், அது நியாயமும்கூட. அது முடியட்டும். அதுவரை கீழே சொல்லும் காகித வேலையை மட்டும் பாருங்கள்.

பேசப் போவதற்கு முன் ஊர்க் காலண்டர் ஒன்று தயார் செய்யுங்கள்

நம் பெரியவர்கள் வருஷத்தை எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். 'அண்ணா செத்தப்போ நான் ஆறாவது' என்பார்கள். ஆகவே ஒரு நீளமான தாளில் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்கள் மறக்கவே முடியாத நாட்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிப் பக்கம் என்றால் 1936 ஜூலை 30 சவானா மில் துப்பாக்கிச் சூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 12 தொழிலாளர்கள் இறந்த அந்த நாளை, அப்போது பிறக்காதவர்கள்கூட அப்பா சொன்னதாக நினைவு வைத்திருப்பார்கள். இந்தியாவோடு சேருவது பற்றி 1954 அக்டோபர் 18 கீழூரில் நடந்த வாக்கெடுப்பு, நவம்பர் 1 பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படி இணைந்தது ஆகியவை அடுத்து வரும். கடலூர்ப் பக்கம் 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தது. நிலம் போனவர்களுக்கு அது ஒரு பிறந்த தேதி மாதிரி. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் சுடப்பட்டது, 1969 பிப்ரவரி 3 அண்ணா மறைவு, 1987 செப்டம்பர் வன்னியர் சங்கச் சாலை மறியல் வாரம், அதே வருஷம் டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைவு, 1993-இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தது, 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். இவற்றுக்கு நடுவே உங்கள் வீட்டுப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் நுழையுங்கள்.

தமிழ் வருஷப் பெயர்களையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பழைய ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். சர்வசித்து என்றால் 1947 சித்திரையில் தொடங்கும் வருஷம், ஜய என்றால் 1954, சுபகிருது என்றால் 1962. பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதால் தாத்தாவின் ஜய வருஷமும் பேரனின் ஜய வருஷமும் குழம்பாமல் பாருங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை ஒரு போதும் நம்பாதீர்கள். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது. ஜாதகம் இருந்தால் அதுதான் பேசும்.

யாரிடம் முதலில் போவது

வயதில் மூத்தவரிடம்தான். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இளையவரிடம் முதலில் போனது தெரிந்தால் மூத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

அதற்கு அடுத்து, எல்லோரும் மறந்துபோகிற ஆட்கள் மருமகள்கள். பெரியம்மா, சித்தி, அத்தை முறை வருகிறவர்கள் எல்லாம் வெளியிலிருந்து, ஒரு குறிப்பிட்ட தேதியில், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்கள். யார் யாரோடு பேசவில்லை, எந்த அறையில் யார் படுத்தார்கள், சாப்பாடு யாருக்கு முதலில் போட்டார்கள் என்று முதல் வாரத்திலேயே கவனித்தாக வேண்டிய நிலை அவர்களுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு வீடு பழகிப்போன காற்று, அதைப் பற்றி என்ன சொல்வார்கள்? எங்கள் வீட்டுச் சண்டைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் உருப்படியான பாதி, இந்த வீட்டில் பிறக்காத பெண்கள் சொன்னதுதான்.

கட்டிக்கொடுத்த மகள்களிடம் வேறொன்று கிடைக்கும். தாலி ஏறிய நாளோடு அவர்கள் மனதில் பிறந்த வீட்டுப் படம் நின்றுவிடும். அதற்கு முந்தைய வீடு பத்திரமாக இருக்கும், பிந்தியது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து பார்த்ததுதான். பின்னால் நடந்ததை அவர்களிடம் கேட்டால் அம்மா சொன்னதைத்தான் சொல்வார்கள்.

எதிர்க்கட்சி வீட்டுக்கு எப்படிப் போவது? போக்குவரத்தே இல்லாத பங்காளி வீட்டுக்கு நேராகப் போய் நிற்காதீர்கள். இரண்டு வீட்டிலும் கை நனைக்கிற ஒருவர் எப்படியும் இருப்பார்; அநேகமாகச் சம்பந்தி முறையில் ஒருவர், இல்லையென்றால் குலதெய்வக் கோயில் வரி வசூலிப்பவர். அவரோடு போங்கள். கொடுக்கும் காபியைக் குடித்துவிடுங்கள். அதை மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

எப்படிக் கேட்பது

'தாத்தா எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். தெய்வம் என்பார்கள், இல்லையென்றால் 'அவர் பேச்சே வேண்டாம்' என்பார்கள்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பழைய வீட்டை வரையச் சொல்லுங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையல்கட்டு, கேணி, மாட்டுக் கொட்டகை. வரைந்து முடித்ததும், ராத்திரி யார் எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள். கூடத்தில் யார், திண்ணையில் யார், கதவு போட்ட அறை யாருக்கு? கல்யாணம் ஆனதும் யார் இடம் மாறினார்கள்? இதில் வருகிற விஷயங்கள் வேறு எந்தக் கேள்விக்கும் வராது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனியே வரைந்த படத்தில் கேணியின் இடம்கூட மாறியிருக்கும். சிரிக்காமல் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உலையைப் பற்றிக் கேளுங்கள். தனி உலை எப்போது வைத்தார்கள்? பத்திரப்படி பாகப்பிரிவினை 1971 என்று இருக்கலாம், ஆனால் அடுப்பு பிரிந்தது அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே இருக்கும். சண்டை உண்மையில் தொடங்கியது அடுப்பு பிரிந்த அன்றுதான். ஆண்களுக்குப் பத்திரத் தேதி ஞாபகம் இருக்கும், பெண்களுக்கு உலைத் தேதி ஞாபகம் இருக்கும். பல வீடுகளில் 'எப்போ பிரிஞ்சோம்' என்ற தகராறே இவ்வளவுதான்.

ஒவ்வொரு கதை முடிந்ததும் மாறாமல் கேட்க வேண்டியது ஒன்று: 'அப்போ நீங்க எங்க இருந்தீங்க? நேர்ல பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?' குற்றம் சாட்டுகிற தொனி வரக்கூடாது. 'நீங்க அப்போ ஸ்கூல்ல இருந்திருப்பீங்களே பெரியப்பா' என்று மெதுவாகப் போட்டால் அவரே, 'ஆமா, சாயங்காலம் வந்தப்போ ஆயா சொல்லிச்சு' என்பார். அதோடு அந்த நினைவு பெரியப்பாவுடையது இல்லை, ஆயாவுடையது என்று ஆகிவிடும்.

ரெக்கார்டு செய்வதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரே ஆளோடு ஒரே நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். இரண்டு சாட்சிகளைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். சத்தமாகப் பேசுகிறவரின் கதைதான் மிஞ்சும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'தாத்தாவுக்கு எத்தனை ஏக்கர் இருந்துச்சு?' என்று கேட்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். ரெக்கார்டிங்கை ஆள் பெயர், தேதி போட்டு அன்றைக்கே கணினிக்கு மாற்றுங்கள். போனிலேயே விட்டால் போன் மாற்றும்போது போய்விடும்.

கதைகள் ஏன் ஒத்துப்போவதில்லை

இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

முதல் காரணம் வயது. மூத்த பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவே 18, 20 வருஷ இடைவெளி நம் ஊரில் சாதாரணம். மூத்தவர் பார்த்தது கடனில் இருந்த முப்பது வயது மனிதரை. கடைசிப் பிள்ளை பார்த்தது கடனை அடைத்துவிட்டு, சர்க்கரை வியாதியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரரை. பெல்ட்டும் உண்மை, இலையும் உண்மை. அருகருகே வருஷத்தைப் போட்டு எழுதினால் படிப்பவருக்கே புரியும்.

அடுத்தது எல்லை. இது நம் பகுதிக்கே உரியது, ஆனால் பலரும் யோசிப்பதில்லை. 'எங்க தாத்தா சாராயத்தைத் தொட்டதே இல்லை' என்று கடலூர் வீடு சத்தியம் செய்யும். 'சனிக்கிழமை ஆனா எங்க வீட்டுத் திண்ணையிலதான்' என்று புதுச்சேரி வீடு சிரிக்கும். 1948-லிருந்து 1971 வரை கடலூரில் மதுவிலக்கு. பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரியில் கடை திறந்திருக்கும். கடலூர்ப் பிள்ளைகள் பார்க்கவில்லை என்பது பொய் இல்லை. பார்க்க வாய்ப்பே இல்லை.

சொத்துச் சண்டையிலும் இந்த எல்லை விளையாடும். கடலூர் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியா, அதற்குப் பிறகும் அதே சட்டம்தான். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறந்தவுடனேயே பங்கு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் பின்பற்றிய இந்து வழக்கச் சட்டத்திலோ மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை பூர்வீகச் சொத்துக்கும் அவரே முழுச் சொந்தக்காரர். இப்போது யோசித்துப் பாருங்கள். பாகூர் பக்கத்து நிலத்தைத் தாத்தா 1950-இல் யாரையும் கேட்காமல் விற்றார். கடலூரில் வளர்ந்த பேரன், 'எங்கப்பன் பங்கையும் சேர்த்து வித்துட்டார், திருட்டு' என்கிறான். புதுச்சேரியில் வளர்ந்தவன், 'அவர் சொத்து, அவர் வித்தார்' என்கிறான். இரண்டு பேரும் தத்தம் ஊர்ச் சட்டத்தைத்தான் பேசுகிறார்கள். அது தெரியாமல் அறுபது வருஷம் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அத்தைகளுக்கு ஏன் எதுவும் கொடுக்கவில்லை என்ற கேள்வியிலும் தேதி முக்கியம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்ற தமிழகத் திருத்தம் 1989 மார்ச் 25-இல் வந்தது, அதற்கு முன் திருமணமானவர்களை அது சேர்க்கவில்லை. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9. தாத்தா அதற்கு முன்பே பிரித்துக் கொடுத்திருந்தால், 'சட்டப்படிதான் செஞ்சோம்' என்று மாமா சொல்வதும் சரி, 'ஒரு குண்டுமணி கூட தரல' என்று அத்தை அழுவதும் சரி. சட்டம் சரியாக இருந்ததால் மனக்குறை இல்லாமல் போய்விடாது. அதை மறக்காமல் எழுதுங்கள்.

பிரான்சுக் காகித விவகாரமும் இப்படித்தான். 'அண்ணன் மட்டும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிட்டார், எங்களுக்குச் சொல்லவே இல்லை' என்ற குறை புதுச்சேரியில் எத்தனை வீட்டில்! ஒப்பந்தப்படி, புதுச்சேரியில் பிறந்து 1962 ஆகஸ்ட் 16 அன்று இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர்களாகிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இங்கே பிறந்து அன்று இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பாரீசிலோ குடியிருந்தவர்களுக்கு நேர் மாறாக, பிரெஞ்சுக் குடியுரிமை அப்படியே நீடித்தது. சைகோனில் இருந்த அண்ணன் ஒன்றுமே செய்திருக்க வேண்டியதில்லை. இங்கே இருந்த தம்பி அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டார், அல்லது வேண்டாம் என்று விட்டார். பிறகு அண்ணனுக்குப் பென்ஷன் வந்ததும் கதை மாறியது. அண்ணன் உண்மையிலேயே மறைத்திருக்கவும் கூடும். ஆனால் அன்று யார் எங்கே குடியிருந்தார் என்பதை முதலில் பாருங்கள்.

கடைசிக் காரணம் பொய். அதுவும் இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, நினைப்பதைவிட மிகக் குறைவு.

காகிதங்கள் எங்கே கிடைக்கும், அவற்றில் எதைப் பார்ப்பது

மொய் நோட்டுதான் முதலிடம். குடும்பச் சண்டையின் தேதியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல ஆவணம் நம்மிடம் இல்லை. 1964 கல்யாணத்தில் தாய்மாமன் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது, 1970 காதுகுத்தில் காணோம் என்றால் சண்டை நடுவில் நடந்திருக்கிறது. தொகை குறைந்திருந்தாலும் கவனியுங்கள். ஆளாக வராமல் கொடுத்தனுப்பிய மொய்க்கும் அர்த்தம் உண்டு.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசையைப் பாருங்கள். 'பத்திரிகையில பேர் போடல' என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிந்த வீடுகள் ஏராளம். பத்திரிகை கிடைத்தால் உண்மையிலேயே போடவில்லையா, மூன்றாவது வரிக்குத் தள்ளினார்களா என்று தெரிந்துவிடும்.

காணாமல் போன காசுமாலை, அட்டிகை பற்றிய தகராறுக்குக் கல்யாணப் போட்டோக்கள் உதவும். எந்த வருஷம் யார் கழுத்தில் இருந்தது என்று வரிசைப்படுத்துங்கள். அடகுச் சீட்டு ஒன்று பெட்டியின் அடியில் கிடைத்தால் கதையே மாறிவிடும். முக்கால்வாசி நகையைத் திருடியது யாரும் இல்லை, அது மீட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்று. பிந்தைய வருஷங்களுக்குத் தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம், அங்கே கிடைக்காத பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பத்திர நகல் கிடைத்தால் சொத்து விவரத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சாட்சிக் கையெழுத்து போட்டது யார்? 'எனக்குத் தெரியாமலே எழுதிக்கிட்டாங்க' என்று காலமெல்லாம் சொன்னவரின் கையெழுத்து அங்கே இருப்பதுண்டு. கையெழுத்து இருப்பதால் சம்மதம் என்று முடிவு கட்டாதீர்கள், எந்தச் சூழ்நிலையில் போட்டார் என்று கேளுங்கள். பதிவு செய்யாத கூறுசீட்டு என்றால் யாராவது ஒருவர் வீட்டு பீரோவில்தான் இருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சுக் காலத்திலேயே பதிவானவை. மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகத்தை, சொல்லியே அந்தத் தலைமுறை பேசும். அதில் வருகிற பெயர் வீட்டில் கூப்பிட்ட பெயராக இருக்காது. 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆனவர்கள், அதாவது தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே தகப்பன் பிள்ளைகளுக்கு வெவ்வேறு பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம்.

தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் பெட்டியோடு போனவை நிறைய. அப்படிப் போயிருந்தால் அதையும் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

சண்டையின் காரணத்தை எழுதும்போது

சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒரு விசேஷ வீட்டில் நடந்ததாக இருக்கும். பந்தியில் எழுப்பிவிட்டார்கள், சீர்த்தட்டை வாசலிலேயே வைத்தார்கள், சாவுக்குக் கோடித் துணி எடுத்துப் போனபோது முகம் கொடுக்கவில்லை. கெட்டிக்காரப் பேரன்கள் உடனே, 'அதெல்லாம் சாக்கு, உண்மையான காரணம் நிலம்' என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நிலம் ஏற்கெனவே இருந்த புகைச்சல்தான், ஆனால் பந்தியில் எழுப்பிவிட்டது நடக்காமல் இருந்தால் அந்தப் புகைச்சலோடேயே இன்னும் முப்பது வருஷம் ஒன்றாக இருந்திருப்பார்கள். மரியாதை போனதை அற்பம் என்று எழுதாதீர்கள். சொன்னவர் சொன்ன எடையிலேயே வையுங்கள்.

எழுதும் முறை

ஒரு கற்பனை மாதிரி தருகிறேன்:

1968 வாக்கில் சின்னவர் வீட்டைவிட்டுப் போனார். பெரியவரின் மகன் (அப்போது 14 வயது, கூடத்தில் இருந்தவர்): "தாத்தா வெளிய போடான்னார், இவரு போயிட்டாரு." சின்னவரின் மனைவி (கல்யாணமாகி இரண்டாவது வருஷம், சமையல்கட்டில் இருந்தவர்): "மொத நாளே எங்க பெட்டியைத் திண்ணையில எடுத்து வச்சிட்டாங்க." கடைசி மகள் (பள்ளியில் இருந்தவர், அம்மா சொல்லக் கேட்டது): "அண்ணிதான் கூட்டிட்டுப் போயிட்டாங்க." 1971 பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சின்னவர் கையெழுத்து உண்டு.

இவ்வளவு போதும். 'ஆகவே' என்று ஆரம்பித்து ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

பேச்சை அப்படியே பேச்சாக எழுதுங்கள். சித்தியின் வாயில் மேடைத் தமிழைப் போட்டால் அவருக்கே அடையாளம் தெரியாது. ஆயாக்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பல வம்சாவளிகளில் ஆண்களுக்கு ஏழு தலைமுறைப் பெயர் இருக்கும், இரண்டு தலைமுறைக்கு முந்தைய ஆயாவின் பெயர் இருக்காது. பிறந்து இறந்துபோன குழந்தைகளையும் கேளுங்கள், ஆனால் அந்தத் தாயே உயிரோடு இருந்தால் அவராகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

எதை வெளியே விடக்கூடாது

இளையதாரம், சாதி மாறிய கல்யாணம், தற்கொலை, அடி உதை இவை எல்லாம் வரும். உயிரோடு இருப்பவரை நேராகத் தொடும் எதையும் அவர் சம்மதம் இல்லாமல் பொதுப் பிரதியில் வைக்காதீர்கள். இரண்டு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. முழுப் பிரதி உங்களிடமும் நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்கட்டும், மற்றது எல்லோருக்கும். அடித்த தாத்தாவைப் பற்றிச் சொன்ன மகளிடம், 'பெரியவரைப் பத்தி அப்படிச் சொல்லலாமா' என்று யாராவது வருவார்கள். அவர் சொன்னது அவர் பெயரில், அவர் வயதோடு இருக்கிறது. அதை எடுக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். ஆட்சேபிக்கிறவருக்கு வேறு நினைவு இருந்தால் அதைப் பக்கத்திலேயே சேர்க்கலாம்.

அச்சடிக்கும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் சொன்ன பகுதியை மட்டும் படித்துக் காட்டுங்கள். கண் சரியில்லாதவர்களுக்கு நீங்களே வாசியுங்கள். திருத்தம் சொன்னால் பழையதை அழிக்காமல் திருத்தத்தைத் தேதியோடு கீழே எழுதுங்கள். பேச மறுத்தவர் பெயருக்கு எதிரே 'கேட்டோம், சொல்லவில்லை' என்று மட்டும் போட்டு இடம் விட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். பொங்கல், தீபாவளி சமயத்தில் மட்டும் வேண்டாம், வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள்.